முதுமையும் நினைவுப் பயிற்சியும்

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதனை வீடெங்கும் தேடும் தாத்தாவைப் பற்றிச் சிரிக்காத குடும்பம் அரிது. வயது ஏற ஏற நினைவு மங்கும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால், அவ்வாறு மங்கும் நினைவைப் பயிற்சியினால் கூர்மையாக்க இயலுமா என்று கேட்டால் விடை கூறுவோர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர். இயலவே இயலாது என்பர் ஒரு சாரார். நாள்தோறும் ஏதேனும் ஒன்றை மனப்பாடம் செய்து வந்தால் போதும், நினைவு முழுவதும் வலுப்பெறும் என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கு மிகப் பழையது. அதனைச் சான்று கொண்டு தீர்க்க முற்பட்டதோ ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குள்தான். அந்த முயற்சியின் வரலாற்றையே இங்குக் காணப் போகிறோம்.

உரோமாபுரியின் பெரும் நாவலரான சிசரோ கி.மு. 44-இல் முதுமையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. தமக்கு நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கேட்டோ என்னும் பெரியவர், தம் 84-ஆம் வயதில் இரு இளைஞரோடு உரையாடுவதாக அந்நூலை அமைத்தார். முதுமை நினைவைக் கெடுக்கும் என்ற குற்றச்சாட்டை அதில் கேட்டோ மறுக்கிறார். பயன்படுத்தாதவர்க்கும் இயல்பிலேயே மந்தமானவர்க்கும் வேண்டுமானால் நினைவு குறையலாம் என்கிறார். தாம் புதைத்து வைத்த பணம் எங்கே இருக்கிறது என்பதை மறந்த கிழவர் எவரையும் தாம் கேள்விப்பட்டதில்லை என்று குறும்பாகவும் சொல்கிறார். பிறகு தம் சொந்த வழக்கம் ஒன்றைக் கூறுகிறார். பைத்தகோரசின் வழிவந்தோர் செய்ததைப் போல், ஒவ்வொரு நாள் மாலையிலும், அன்று தாம் பேசியவை, கேட்டவை, செய்தவை அனைத்தையும் வரிசையாக நினைத்துப் பார்ப்பாராம். முதியவர் ஒருவர் தம் நினைவுக்குத் தாமே அளித்துக்கொண்ட பயிற்சி என்ற வகையில் இக்குறிப்பு மிகவும் பழமையானது. இதனை மனத்தில் வைத்துக்கொள்வோம். சற்று நேரத்தில் இதே பயிற்சியை வேறொரு கண்டத்தில் காணப்போகிறோம்.

கிரேக்க நாட்டினர் வேறொரு வழியை வகுத்திருந்தனர். அதனைத் தொடங்கி வைத்தவர் சிமோனிடிஸ் என்னும் புலவர் என்பது கதை. ஒரு விருந்தின் நடுவே அவர் வெளியே அழைக்கப்பட்ட வேளையில் மண்டபத்தின் கூரை இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தோர் அடையாளம் தெரியாதவாறு நசுங்கி மாண்டனர். யார் யார் எந்தெந்த இடத்தில் அமர்ந்திருந்தனர் என்பதைச் சிமோனிடிஸ் நினைவு கூர்ந்து ஒவ்வொருவரையும் அடையாளம் காட்டினாராம். இடத்தோடு பொருளைப் பிணைத்தால் நினைவு நிற்கும் என்னும் உண்மை அதிலிருந்து பிறந்தது என்பர். நன்கு பழகிய ஒரு தெருவையோ மாளிகையையோ மனத்தில் கற்பனை செய்து, நினைக்க வேண்டிய பொருள்களை வரிசையாக அதன் மூலைகளில் வைத்துவிட்டு, பின்னர் மனத்தாலேயே நடந்து சென்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும் முறை இது. நம் நாட்டு அவதானக் கலையை அறிந்தோர்க்கு இவ்வகை வித்தைகள் வியப்பளிக்கமாட்டா. நினைவில் தமக்கு நிகராவார் இலர் என்று எண்பது வயதிலும் சிமோனிடிஸ் பெருமை பேசியதாக ஒரு பழஞ்செய்யுள் கூறுகிறது. புலவர்களின் தற்புகழ்ச்சியை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. எனினும் எண்பது என்ற அந்த வயது கவனிக்கத் தக்கது.

பல நூற்றாண்டுகள் கடந்தன. கேட்டோவின் மாலைப் பயிற்சி அமெரிக்க நாட்டில் மீண்டும் தலைகாட்டியது. தர்லோ வீட் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் செய்தித்தாள் நடத்தியவர். அரசியலில் பெரும் செல்வாக்குடன் விளங்கியவர். இளமையில் தம் நினைவு மிகவும் வலுவற்றதாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். மனிதரின் பெயரையும் முகத்தையும் மறப்பவன் அரசியலில் நிலைக்க முடியுமா? எனவே அவர் ஒவ்வோர் இரவும் தனித்தமர்ந்து அன்றைய நிகழ்ச்சிகளை நினைவுகூரத் தொடங்கினார். சில நாட்களுக்குப் பின் அவருடைய மனைவியார், தனியே எண்ணிப் பார்ப்பதைவிடத் தம்மிடம் வாய்விட்டுச் சொன்னால் என்ன என்று கேட்டார். அன்று முதல் நாள்தோறும் நடந்தவை அனைத்தையும், காலையில் உண்டது முதல் கண்டவர் பெயர் வரையில், மனைவியிடம் ஒப்புவிப்பது அவர் வழக்கமாயிற்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இவ்வழக்கம் நீடித்தது. தம் நினைவு முற்றிலும் மாறிவிட்டது என்று வீட் உறுதியாக நம்பினார்.

உளவியலின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட தம் பெருநூலில் வீட் அவர்களின் கூற்றை எடுத்துக் காட்டினார். பின்பு அதனை அறுத்துச் சோதித்தார். வீட் நன்மை அடைந்தார் என்பதில் ஐயமில்லை என்றார் ஜேம்ஸ். ஆனால் வலுப்பெற்றது எது? இரவில் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருந்ததனால், பகலில் ஒவ்வொன்றையும் அவர் ஊன்றிக் கவனித்தார், கவனித்ததற்குப் பெயரிட்டார், ஒன்றோடொன்றைத் தொடர்பு படுத்தினார். ஆகவே, வளர்ந்தது கவனமும் முறையுமே அன்றி, பொருளைப் பற்றி நிறுத்தும் இயற்கை ஆற்றல் அன்று என்பது ஜேம்ஸின் முடிவு.

தம் கருத்தை வாய்ச்சொல்லாக விடாமல், அவர் தம்மீதே ஒரு சோதனை நடத்தினார். விக்டர் ஹியூகோவின் நெடும்பாடல் ஒன்றில் 158 அடிகளை எட்டு நாட்களில் மனப்பாடம் செய்தார். அதற்கு 132 நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாகவே பிடித்தது. பின்பு நாள்தோறும் இருபது நிமிடங்களுக்கு மேலாக உழைத்து, மில்ட்டன் இயற்றிய காவியமாகிய 'சுவர்க்க நீக்கம்' என்பதன் முதற் காண்டம் முழுவதையும் 38 நாட்களில் நெட்டுருச் செய்தார். இவ்வளவு பயிற்சிக்குப் பின் நினைவு கூர்மையடைந்திருக்க வேண்டுமன்றோ? மீண்டும் ஹியூகோவின் பாடலுக்கே வந்து அடுத்த 158 அடிகளைக் கற்றார். இம்முறை 151½ நிமிடங்கள் ஆயின! பயிற்சிக்குப் பின் காலம் குறைவதற்கு மாறாக ஏறத்தாழ இருபது நிமிடங்கள் கூடியிருந்தது. இரண்டாம் முறை தாம் வேறு வேலைகளால் களைத்திருந்ததையும் அவர் மறைக்காமல் எழுதினார். அவர் வேண்டுகோளின்படி வேறு சிலரும் இவ்வாறு செய்து பார்த்தனர். அவர்களுள் சிலருக்குச் சிறிது முன்னேற்றம் காணப்பட்டது. இன்றைய ஆராய்ச்சியாளர் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்றே கருதுவர். ஒருசிலரைக் கொண்டு எதனை நிறுவ இயலும்? ஆயினும், மாற்று முயற்சியில் மனத்தைச் செலுத்திப் பயிற்றிவிட்டு, முன்னும் பின்னும் அளந்து பார்ப்பது என்னும் வழியை இச்சோதனை திறந்து வைத்தது.

1901-ஆம் ஆண்டில் தார்ண்டைக், உட்வொர்த் என்னும் இருவர் அவ்வழியில் மேலும் சென்றனர். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடச் சிலரைப் பழக்கினர். அவர்கள் அதில் நன்கு தேர்ந்தனர். ஆனால் வேறு வடிவங்களையோ வேறு அளவுகளையோ தந்தபோது அத்தேர்ச்சியில் சிறு பகுதியே கைகொடுத்தது. அக்காலத்தில் இலத்தீன் மொழியையும் கணிதத்தையும் கற்பித்தால் அறிவு முழுவதும் கூர்மையடையும் என்று பள்ளிகள் நம்பி வந்தன. அந்த நம்பிக்கைக்கு இது பேரிடியாயிற்று. பயின்றது வளரும்; பயிலாதது அதனோடு சேர்ந்து வளர்வது அரிது. இம்முடிவை மறவாதிருப்போமாக.

இவையெல்லாம் இளைஞரையும் நடுத்தர வயதினரையும் பற்றியவை. முதியோரைக் குறித்து அறிஞர் உலகம் எண்ணியது யாது? அந்த எண்ணம் மிகவும் கொடுமையானது. 1905-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், புகழ்பெற்ற மருத்துவராகிய வில்லியம் ஆஸ்லர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தை விட்டு விடைபெறும்போது ஓர் உரை நிகழ்த்தினார். உலகின் அரும்பெருஞ் செயல்கள் எல்லாம் நாற்பது வயதுக்குள் செய்யப்பட்டவை என்றும், அறுபதைக் கடந்தோரால் பயனில்லை என்றும் அவர் கூறினார். முதியவர்களை அமைதியாக அனுப்பிவிடும் கற்பனை நாட்டைப் பற்றிய ஒரு நாவலையும் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். வேடிக்கை வினையாயிற்று. செய்தித்தாள்கள் பொங்கி எழுந்தன. ஆஸ்லருக்கு அப்போது வயது 55 என்பதை இங்குச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

விளையாட்டாகச் சொன்னதற்கு வலுவூட்டுவது போல் அளவைகளும் வந்து சேர்ந்தன. முதல் உலகப் போரின்போது, 1917-18-இல், அமெரிக்கப் படையினர் பதினேழு இலட்சம் பேருக்கு அறிவுச் சோதனைகள் நடத்தப்பட்டன. அதிகாரிகளுள் வயது மூத்தோர் குறைந்த மதிப்பெண்களே பெற்றனர். 1933-இல் ஜோன்ஸ், கான்ராட் என்னும் இருவர் நியூ இங்கிலாந்துச் சிற்றூர்களில் 10 வயது முதல் 60 வயது வரையுள்ளோரைச் சோதித்து வெளியிட்ட முடிவும் அதையே காட்டியது. சிற்றூர் மக்களைச் சோதனைக்கு எப்படி வரவழைத்தார்கள் தெரியுமா? இலவசத் திரைப்படம் காட்டி! படம் பார்க்க வந்தவர்கள் கையில் வினாத்தாளைக் கொடுத்தனர். இருபது வயதளவில் உச்சியை அடையும் அறிவு பின்னர்ச் சரிந்துகொண்டே போகிறது என்பது அவர்கள் வரைந்த கோட்டின் பொருள். முதியோர்க்கு வேலை கொடுக்கலாமா, அவர்களுக்குக் கல்வி அளிப்பது வீண் செலவா என்ற கேள்விகளுக்கெல்லாம் இத்தகைய கோடுகளே விடையாகக் காட்டப்பட்டன.

அந்தக் கோட்டை ஏற்க மறுத்தவர் ஒருவரை இங்கே நினைவுகூர்வது நம் கடமை. அவர் பெயர் லில்லியன் மார்ட்டின். 1851-இல் பிறந்த இவ்வம்மையார், ஆசிரியப் பணியிலிருந்து விலகி, நாற்பது வயதைக் கடந்த பின் ஜெர்மனிக்குச் சென்று, நினைவு ஆராய்ச்சியில் முதன்மை பெற்றிருந்த மியூலர் என்பாரிடம் கெட்டிங்கன் நகரில் பயின்றார். பின்பு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் பேராசிரியராகி, அங்கே ஒரு துறைக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணி என்ற சிறப்பையும் பெற்றார். 1916-இல் 65 வயது ஆயிற்று. விதிப்படி ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஓய்ந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. சான்பிரான்சிஸ்கோ நகரில் குழந்தைகளின் மனநலத்துக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1929-இல், தம் 78-ஆம் வயதில், முதியோர்க்கென்றே ஓர் ஆலோசனை நிலையத்தையும் நிறுவினார். அங்கு வரும் முதியவரிடம் அவர் தம் வாழ்க்கையை முதலில் விரிவாகக் கேட்டறிவார். அதன்பின் நாளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பார். எழுபது வயதுக்கு மேல் தாமே மோட்டார் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு நெடும்பயணங்கள் செய்தவர் அவர். 1943-இல் 91-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய முறை எவ்வளவு பயன் தந்தது என்பதை அளந்து காட்டும் கணக்கு ஏதும் அவர் விட்டுச் சென்றதில் இல்லை. முறையான ஒப்பீடு இல்லாத தொண்டு அது. ஆயினும், முதியவரைக் கைவிடத் தக்கவர் என்று எண்ணிய ஒரு காலத்தில், அவரைக் கற்கத் தக்கவர் என்று கருதி ஒரு கதவைத் திறந்து வைத்தாரே, அதற்காகவே அவர் பெயர் இவ்வரலாற்றில் நிற்க வேண்டும்.

இங்கு ஒரு வேறுபாட்டையும் கூறிவிடுதல் நலம். நினைவு என்பது ஒரே ஒரு பாண்டம் அன்று. பிரெஞ்சு அறிஞர் ரிபோ, 1881-இல் நினைவு நோய்களைப் பற்றி எழுதிய நூலில், புதிய நினைவுகள் முதலில் அழிகின்றன, பழையவை கடைசி வரை நிற்கின்றன என்று காட்டினார். நோயுற்றோரைப் பற்றி அவர் கண்டது இது. நோயற்ற முதுமையிலும், நேற்றுச் சந்தித்தவரின் பெயர் நழுவிப் போக, இளமையில் கற்றது அழியாமல் நிற்பதை நாம் காண்கிறோம். உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940-இல். அப்போது அவர் 85 வயதை எட்டும் தறுவாயில் இருந்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடம் சொன்ன விதத்தையும், அன்றைய ஊர்களையும் மனிதர்களையும் அவர் எவ்வளவு தெளிவாக வரைந்தார் என்பதை அந்நூலைப் படித்தோர் அறிவர். ஆகவே முதியவர் 'நினைவு போய்விட்டது' என்று சொல்லும்போது, போனது பெரும்பாலும் புதியதைப் பதித்துக்கொள்ளும் திறமும், வேண்டியபோது விரைந்து எடுக்கும் திறமுமே ஆகும். பயிற்சியும் இவற்றைக் குறித்தே அமைய வேண்டும்.

படையிலும் சிற்றூரிலும் வரைந்த அந்தச் சரிவுக் கோட்டில் ஒரு பெரும் பிழை மறைந்திருந்தது. அதனை வெளிக்கொணர்ந்தவர் வார்னர் ஷாயி. நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி ஜெர்மனியை விட்டுச் சீனத்து ஷாங்காய் நகருக்கு ஓடிவந்த யூதக் குடும்பத்தில் வளர்ந்தவர். அமெரிக்கா சென்று கல்வி கற்ற அவர், 1956-இல் தம் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்காகச் சியாட்டில் நகரில் கூட்டுறவு மருத்துவச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் 500 பேரைச் சோதித்தார். அவர்களுள் இருபது வயதினரும் இருந்தனர். எழுபதை எட்டியோரும் இருந்தனர். வழக்கம்போல் முதியோர் பின்தங்கினர். அங்கேயே நிறுத்தியிருந்தால் பழைய கோட்டுக்கு மற்றொரு சான்று கிடைத்தது என்று முடிந்திருக்கும். ஆனால் ஏழு ஆண்டுகள் கழித்து, 1963-இல், அவர் அதே மனிதர்களைத் தேடிச் சென்று மீண்டும் சோதித்தார். அறுபது வயது வரையில் பெரும்பாலோர் தம் பழைய நிலையிலிருந்து அவ்வளவாக இறங்கவே இல்லை! சில திறன்களில் ஏறியும் இருந்தனர்.

அப்படியானால் முதியோரும் இளையோரும் வேறுபட்டது எதனால்? 1890-இல் பிறந்தவர் சில ஆண்டுகளே பள்ளி சென்றவர்; 1930-இல் பிறந்தவர் கல்லூரியைக் கண்டவர். அவர்களை ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் அமர்த்திச் சோதித்து, வேறுபாடு முழுவதையும் வயதின் தலையில் கட்டியது எவ்வளவு பெரிய அநீதி! தலைமுறையின் வேறுபாட்டை முதுமையின் குற்றமாக எண்ணிவிட்டனர். ஷாயி அத்துடன் விடவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை, 2005-ஆம் ஆண்டு வரை, சோதனைகள் தொடர்ந்தன. ஒவ்வொரு முறையும் புதியவர்களும் சேர்க்கப்பட்டனர். ஓர் இளைஞரின் பட்ட ஆராய்ச்சி அரை நூற்றாண்டுப் பணியாக வளர்ந்தது. முதுமையில் தளர்ச்சியே இல்லை என்று அவர் சொல்லவில்லை. விரைவு சார்ந்த திறன்கள் முன்னரே குறையத் தொடங்குகின்றன; எண்பதை அணுகும்போது ஏறத்தாழ எல்லாத் திறன்களுமே இறங்குகின்றன. ஆனால் அந்த இறக்கம் பழைய கோடு காட்டியதைவிடப் பிந்தி வருகிறது. ஆளுக்கு ஆள் வேறுபடவும் செய்கிறது.

இனிப் பயிற்சிக்கு வருவோம். ஷாயியும் அவர் துணைவியார் ஷெரி வில்லிஸும், 64 வயதைக் கடந்த 229 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு ஐந்து மணி நேரப் பயிற்சியே அளித்தனர். எண்களிலும் எழுத்துகளிலும் ஒளிந்துள்ள ஒழுங்கைக் கண்டறியச் சிலருக்குக் கற்பித்தனர். ஒரு வடிவத்தை மனத்தில் திருப்பிப் பார்க்கும் வகையை மற்றவர்க்குக் கற்பித்தனர். இவர்கள் பதினான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து அளக்கப்பட்டவர்கள் ஆதலால், யார் இறங்கியிருந்தார், யார் அப்படியே இருந்தார் என்பது ஏற்கெனவே தெரியும். 1986-இல் வெளிவந்த முடிவு இது: மூவருள் இருவர் முன்னேறினர்; இறங்கியிருந்தவர்களுள் நூற்றுக்கு நாற்பது பேர் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தாம் இருந்த நிலையையே மீண்டும் எட்டினர். ஐந்தே மணி நேரத்தில்! இழந்ததாக எண்ணியவற்றுள் ஒரு பகுதி, பயன்படுத்தாமையால் துருப்பிடித்துக் கிடந்ததே என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். கேட்டோ சொன்னதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் தார்ண்டைக் கண்ட எல்லையும் இங்கே தெரிந்தது. ஒழுங்கு காணப் பழகியவர் அதில்தான் முன்னேறினார். வடிவத்தைத் திருப்பப் பழகியவர் அதில்தான் முன்னேறினார்.

அதே காலத்தில் மேற்கு பெர்லின் நகரில் பால்ட்டெஸ், கிளீகல் ஆகியோர் சிமோனிடிஸின் பழைய முறையை முதியோர்க்குக் கற்பித்துப் பார்த்தனர். பெர்லின் நகரத்துப் புகழ்பெற்ற இடங்களை வரிசையாக மனத்தில் நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் ஒரு சொல்லை வைக்கும்படி பழக்கினர். முன்பு சில சொற்களையே நினைவில் வைக்க முடிந்த முதியோர், பயிற்சிக்குப் பின் நீண்ட பட்டியல்களை வரிசை தவறாமல் ஒப்புவித்தனர். இது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் இளைஞர்க்கும் அதே பயிற்சியை அளித்தபோது அவர்கள் இன்னும் உயரச் சென்றுவிட்டனர். 1992-இல் வெளியான ஆராய்ச்சியில், நீண்ட நாள் பயின்ற பிறகும், இளையோரின் சராசரியைத் தாண்டிய முதியவர் ஒருவர்கூட இல்லை. முதுமையில் கற்க இயலும் என்பதையும், கற்பதற்கு ஒரு வரம்பு உண்டு என்பதையும் ஒரே சோதனை காட்டிற்று. இதனை மறைத்து முதியோர்க்கு இனிப்பான சொற்களைக் கூறுவது அவர்களை மதிப்பது ஆகாது என்பதே என் எண்ணம்.

இவ்வரலாற்றில் மிகப் பெரிய சோதனை 1998-இல் அமெரிக்காவில் தொடங்கியது. 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேர் ஆறு பகுதிகளிலிருந்து சேர்ந்தனர். சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற முறையில் அவர்களை நான்கு பிரிவாக்கினர். முதற் பிரிவினர்க்கு நினைவுப் பயிற்சி: பட்டியல்களையும் கதைகளையும் வகைப்படுத்தி, படமாகக் கற்பனை செய்து, தொடர்பு படுத்தி நினைவில் நிறுத்துதல். இரண்டாம் பிரிவினர்க்குத் தருக்கப் பயிற்சி. மூன்றாம் பிரிவினர்க்கு விரைவுப் பயிற்சி: கணிப்பொறித் திரையில் மின்னலெனத் தோன்றி மறையும் வண்டியையும், திரையின் ஓரத்தில் தோன்றும் மற்றொன்றின் இடத்தையும் ஒருங்கே கண்டு சொல்லுதல். நான்காம் பிரிவினர்க்குப் பயிற்சி ஏதும் இல்லை. பயிற்சி என்பது ஐந்தாறு வாரங்களில் பத்தே அமர்வுகள். சிலருக்குப் பின்னர்ச் சிறிது மறுபயிற்சியும் தரப்பட்டது.

முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. பயிற்சி முடிந்தவுடன் விரைவுப் பிரிவில் நூற்றுக்கு 87 பேரும், தருக்கப் பிரிவில் 74 பேரும் தத்தம் துறையில் உறுதியான முன்னேற்றம் அடைந்திருந்தனர். நினைவுப் பிரிவில் அவ்வாறு முன்னேறியவர் 26 பேரே! பத்து ஆண்டுகளுக்குப் பின், 2014-இல் வெளியான கணக்கில், தருக்கப் பயிற்சியின் பயனும் விரைவுப் பயிற்சியின் பயனும் எஞ்சியிருந்தன. நினைவுப் பயிற்சியின் பயன் கரைந்துவிட்டிருந்தது. முதியோர் எதனை மிகவும் இழப்பதாக அஞ்சுகின்றனரோ, எதனை மீட்க வேண்டும் என்று வருகின்றனரோ, அந்த நினைவே பயிற்சிக்கு மிகக் குறைவாக வளைந்து கொடுத்தது. ஒரு துறையில் பெற்ற பயிற்சி மற்றொரு துறையின் சோதனையில் மதிப்பெண்ணை உயர்த்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வில்லியம் ஜேம்ஸ் தம் மேசையருகே அமர்ந்து கண்டதை, நூறாண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ மூவாயிரம் பேரைக் கொண்டு மீண்டும் கண்டனர்.

ஆயினும் ஒரு நல்ல செய்தி அதில் உண்டு. மருந்தை வேளை தவறாமல் உட்கொள்ளுதல், பணக் கணக்குப் பார்த்தல், சமைத்தல் போன்ற அன்றாடக் காரியங்களில் தொடக்கத்தில் இருந்த நிலைக்குக் குறையாமல் இருப்பதாகப் பத்தாண்டுகளுக்குப் பின் கூறியவர், பயிற்சி பெற்றோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பேர். பெறாதோரில் 50 பேர். நினைவுப் பயிற்சி பெற்றவர்களும் இந்த நன்மையில் பங்கு கொண்டனர். இது அவரவர் தாமே சொன்ன கணக்கு என்பதை மறக்கலாகாது. பயிற்சி பெற்றேன் என்ற நம்பிக்கையே ஒருவரைத் தம்மைப் பற்றி உயர்வாகச் சொல்ல வைக்கக் கூடும். எனினும் தனியே சந்தைக்குச் சென்று வர இயலும் என்ற நம்பிக்கை எண்பது வயதில் சிறிய பொருள் அன்று.

எங்கே அச்சம் உண்டோ அங்கே வாணிகம் உண்டு. மூளைப் பயிற்சி விளையாட்டுகள் என்ற பெயரில் பல நிறுவனங்கள் தோன்றி, மறதியையும் மறதி நோயையும் தடுப்பதாக விளம்பரம் செய்தன. 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகமும் பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் முன்னின்று, அறிவியலாளர் பலர் கையெழுத்திட்ட ஓர் அறிக்கை வெளியாயிற்று. அவ்விளம்பரங்களுக்குப் போதிய சான்று இல்லை என்று அது கண்டித்தது. அவ்வாண்டு முடிவதற்குள், சான்று உண்டு என்று வேறு நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர் மறுப்பு அறிக்கை விட்டனர்! 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம், ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக ஒரு நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்து, இருபது இலட்சம் டாலர் செலுத்தச் செய்தது. விளையாட்டில் ஒருவர் பெறும் மதிப்பெண் நாள்தோறும் உயர்வதைக் கண்டு, நினைவும் உயர்கிறது என்று எண்ணுவது எளிது. உயர்வது பெரும்பாலும் அந்த விளையாட்டை ஆடும் திறனே.

மறதி நோயைப் பற்றிய கேள்வி இன்னும் தீரவில்லை. மேலே சொன்ன பெருஞ்சோதனையில் விரைவுப் பயிற்சி பெற்றோர்க்குப் பத்தாண்டுகளில் அந்நோய் குறைவாக ஏற்பட்டது என்று 2017-இல் ஒரு கட்டுரை கூறியது. நினைவுப் பயிற்சிக்கும் தருக்கப் பயிற்சிக்கும் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஆனால் அந்நோயைக் கண்டறிவதற்கென்று திட்டமிட்ட சோதனை அன்று அது. ஆகவே அம்முடிவை எச்சரிக்கையோடு ஏற்க வேண்டியிருக்கிறது. நினைவைப் பயிற்றுவதைவிடக் கண்ணையும் கவனத்தையும் பயிற்றுவது ஏன் கூடுதலாக உதவ வேண்டும் என்பதற்குத் தெளிவான விடை கிடைத்தபாடில்லை. கவனமே முதலில் வளர்ந்தது என்று வீட் அவர்களைப் பற்றி ஜேம்ஸ் சொன்னது இங்கே நினைவுக்கு வருகிறது. அதற்குமேல் நான் அதனை வற்புறுத்தவில்லை.

அண்மைக் காலத்தில் ஆராய்ச்சியாளர் பயிற்சியை மட்டும் தனியே நம்புவதை விட்டுவிட்டனர். பின்லாந்து நாட்டில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. அவர்களுள் ஒரு பாதியினர்க்கு நல்லுணவு, உடற்பயிற்சி, அறிவுப் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கண்காணித்தல் ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டாண்டுகள் அளித்தனர். மற்றப் பாதியினர்க்குப் பொதுவான அறிவுரைகள் மட்டும் கூறினர். 2015-இல் வெளிவந்த முடிவின்படி முதற் பிரிவினர் சிறிது முந்தி நின்றனர். நான்கினுள் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துக் கூற அச்சோதனையால் இயலாது. 2025-இல் இதே போக்கில் அமெரிக்காவில் 2,111 பேரைக் கொண்டு நடந்த மற்றொரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. அங்கே ஒரு பிரிவினர் வழிகாட்டுவோரின் கீழ் அடிக்கடி கூடிப் பயின்றனர். மற்றொரு பிரிவினர் தம் விருப்பப்படி தாமே செய்துகொண்டனர். இரு பிரிவினரும் முன்னேறினர். கூடிப் பயின்றோர் சற்றுக் கூடுதலாக முன்னேறினர்.